பதினோரு பெண்களும் ஒரு மைக்செட்டும்

ஆகஸ்ட் 4

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். டைரி, என்ஜின் ஆயில் கடைக்காரர் ஜனவரியிலேயே கொடுத்தது. இத்தனை மாதம் சும்மா கிடந்தது. எழுதும்படியான சம்பவம் உலகத்தில் எதுவும் நடக்கவில்லை. இப்போது நடந்துவிட்டது. புனித பெலிசித்தாள் மகளிர் கல்லூரியின் கால்பந்து அணிக்கு நான் பொறுப்பேற்றிருக்கிறேன்.

பிற்காலத்தில் என் சரித்திரத்தை எழுதப் போகிறவர்களுக்காகச் சில விவரங்கள். பெயர் பர்னபாஸ். எட்டாம் வகுப்பு, அந்தக் காலத்து எட்டு, இந்தக் காலத்து டிகிரிக்குச் சமம். தொழில், பர்னபாஸ் சவுண்ட் சர்வீஸ். கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்காததால் திரேஸ் அக்கா வீட்டில் இருக்கிறேன். எங்கள் மணல்துறையில் கோயில் திருவிழா என்றால் கால்பந்துப் போட்டி, கால்பந்து என்றால் கமெண்டரி, கமெண்டரி என்றால் நான். இந்தக் கடற்கரையில் மைக்கில் பட்டம் கொடுக்காமல் எந்த ஆட்டக்காரனையும் மைதானத்தில் விடமாட்டோம். ‘காற்றைக் கிழிக்கும் கால்’, ‘அரபிக் கடலின் ஆண் சிங்கம்’ என்று ஏதாவது சொல்ல வேண்டும். வெறும் பெயரைச் சொன்னால் பெற்ற தாயே சண்டைக்கு வந்துவிடுவாள்.

அக்கா மகள் பெனிட்டா அந்தக் கல்லூரி அணியில் ஒன்பதாம் நம்பர். போன வருடம் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. போதாததற்கு இவளுக்குக் கணுக்கால் பிசகியது. அத்தான் வில்பிரட் கொச்சியில் மீன்பிடி போட்டில் வேலை செய்கிறவர். ஒரு தடவை கடலுக்குப் போனால் இரண்டு வாரம். நேற்று ஊருக்கு வந்தவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார்.

“இந்த ஒரு வருசம் ஆடட்டும். கப்பு வந்தா மேல ஆடட்டும். வரலேன்னா பந்து அதோட தீந்து. ஹார்பர்ல நின்னா, உன் மவ காலை ஒடச்சதுக்கு என்னவே கெடச்சுதுன்னு கேக்கானுவ.”

பெனிட்டா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

வெளியூர் ஆட்டத்துக்கு வீட்டு ஆம்பிளை ஒருவர் கூடப் போக வேண்டும் என்றும் அத்தான் சொன்னார். உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மற்ற ஆம்பிளைகள் கடலில் இருப்பதால்தான் நான் கிடைத்தேன் என்று அக்கா சொல்கிறாள். அது பொறாமை.

ஆகஸ்ட் 9

முதல் பயிற்சி. உடற்கல்வி மேடம் பெயர் சுயம்புக்கனி. திருநெல்வேலிப் பக்கம். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமலே டீ குடிக்கிறார். என்னைக் கண்டதும் அவருக்கு ஒரு தெம்பு வந்ததைக் கவனித்தேன்.

தடுப்பாட்டத்தில் ஓட்டை இருப்பதாக எடுத்துச் சொன்னேன். மேடம் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அண்ணாச்சி, பிள்ளைங்களுக்கு வாழைப்பழம் வேணும். முக்குக் கடையில நல்லா இருக்காது. பஸ் ஸ்டாண்டு கடைக்கே போயிட்டு வாங்க” என்றார். பஸ் ஸ்டாண்டு இரண்டு கிலோமீட்டர். பழத்தின் தரத்தை என் ஒருவனிடம்தான் நம்பி ஒப்படைக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது பயிற்சி முடிந்திருந்தது. ஓட்டை அடைபட்டிருந்தது.

ஆகஸ்ட் 23

பல்கலைக்கழகக் கப்புக்கான முதல் ஆட்டம். 3–1. வெற்றி.

இடைவேளையில் நான் கையைக் காட்டிய திசையில்தான் இரண்டாவது கோல் விழுந்தது. தண்ணீர் பாட்டில் கூடை எங்கே என்று கேட்டார்கள், அதற்காகத்தான் கையைக் காட்டினேன் என்று பெனிட்டா சொல்கிறாள். இளம் வயதில் நுட்பம் புரியாது.

ஆகஸ்ட் 30

ஒரு கல்யாண வீட்டுக்கு மைக்செட். குழாய் ஸ்பீக்கருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. தட்டினேன். உதடு வீங்கிவிட்டது. பேச முடியவில்லை.

அணி 2–0 வெற்றி.

செப்டம்பர் 6

உதடு சரியாகிவிட்டது. 1–1. பிறகு பெனால்டியில் ஜெயித்தோம். உதடு வீங்கின நாளில் ஆட்டம் சுலபமாக இருந்தது என்று கோல்கீப்பர் பிள்ளை சொல்லிச் சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை.

காலிறுதியைத் தாண்டியாயிற்று. கல்லூரி தொடங்கின நாள் முதல் இப்படி நடந்ததில்லையாம். பிரின்சிபால் சிஸ்டர் மைதானத்துக்கே வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். வரிசையில் கடைசியாக நானும் நின்றேன். “நீங்க பஸ் டிரைவரா?” என்று கேட்டார். இத்தனை பெரிய பொறுப்பை வேறு ஆள் சுமக்க முடியாது என்று நினைத்திருப்பார்.

பெனிட்டா காலையில் இருட்டோடு எழுந்து கடற்கரை மணலில் ஓடுகிறாள். போன வருடம் பிசகிய காலில் துணி சுற்றிக்கொண்டு ஓடுகிறாள். அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் மீனை அறுத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 20

பொன்னெழுத்தில் எழுத வேண்டிய நாள்.

அரையிறுதி. எதிரணி வடகரைக் கல்லூரி; மைதானமும் அவர்களுடையதே. நல்ல கூட்டம். மைக்செட் இருந்தது, ஆள் இல்லை. அறிவிப்பாளருக்கு வயிற்றுப்போக்காம். மைக் அனாதையாக நிற்பதை என்னால் பார்க்க முடியுமா? மேடம் அந்தப் பக்கம் கால் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். போய் எடுத்தேன்.

முதலில் கோல்கீப்பர் பிள்ளை. ‘பாலைவனத்தில் பயிற்சி எடுத்த பருந்து’ என்றேன். கைதட்டல். பிறகு நம் பெனிட்டா. சொந்த மருமகள்; சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. சொன்னேன்:

“இதோ வருகிறாள் ஒன்பதாம் நம்பர்! கோழிக்கோட்டில் பிரபலமான கம்பெனி மாதம் நாற்பதாயிரம் ரூபாய் சம்பளம் கொடுத்து, பந்து விளையாடுவதற்கென்றே வேலைக்கு வைத்திருக்கும் வீராங்கனை! கம்பெனியில் லீவு போட்டுவிட்டு இந்த ஆட்டத்துக்காக வந்திருக்கிறாள்!”

கூட்டம் அதிர்ந்தது. எதிரணிப் பெண்கள் முகம் வெளுத்ததைக் கண்ணால் பார்த்தேன். 2–0. இரண்டும் பெனிட்டா. ஆட்டத்தில் பாதி நான் மைக்கில் ஆடியது.

எதிரணி மேலாளர் தளவாய் என்பவர் என் கமெண்டரியைச் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். ரசிகர். வேன் கிளம்பும்போது அருகில் வந்து, “சார், அந்தக் கம்பெனி விசயம் மெய்தானா?” என்று பணிவாகக் கேட்டார்.

“நான் அவளுக்குத் தாய்மாமன் வே. எனக்குத் தெரியாதா?” என்றேன்.

செப்டம்பர் 24

தளவாய் ரசிகர் இல்லை.

வேலையில் இருக்கிறவர்கள் கல்லூரி அணியில் ஆடக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் ஒரு சட்டம் இருக்கிறதாம். ஆடினால் அந்தப் பிள்ளையை மட்டுமல்ல, அணியையே நீக்கிவிடுவார்கள். ஜெயித்த ஆட்டமெல்லாம் ரத்து. இறுதிப் போட்டிக்கு வடகரை போகும். புகார் கொடுத்துவிட்டார். கூடவே என் குரல்.

மேடம் என்னைக் கல்லூரிக்கு வரச் சொன்னார். பெனிட்டாவும் இருந்தாள்.

“அண்ணாச்சி, அந்தக் கம்பெனி பேரு என்ன?”

“பேரு ஒண்ணும் வைக்கல மேடம்.”

“எதுக்கு நாற்பதாயிரம்னு சொன்னீங்க?”

“முப்பதுன்னா மரியாதையா இருக்காதுல்லா.”

மேடம் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார். “இல்லாத கம்பெனிகிட்ட போயி, இவ இங்க வேலை பாக்கலைன்னு லெட்டர் வாங்க முடியாது. இனி ஒரே வழிதான். நீங்க பொய் சொல்றவருன்னு விசாரணையில நிரூபிக்கணும்.”

“அதுக்குச் சாட்சி கெடைக்காது மேடம். ஊர்ல எனக்கு அப்படிப்பட்ட பேரு கிடையாது.”

அப்போதுதான் பெனிட்டா வாயைத் திறந்தாள். “சாட்சிக்கு ஒரு வேன் போதுமா, ரெண்டு வேணுமான்னு மட்டும் சொல்லுங்க மேடம்.”

வீடு வரைக்கும் அவள் பஸ்ஸில் என் பக்கம் உட்காரவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னாள். “மாமா, நான் அடிச்ச கோலு ரெண்டும் போதாதா? அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

பதில் தயாராக இருந்தது. பஸ் சத்தத்தில் சொல்லவில்லை.

செப்டம்பர் 26

மழை. ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தேன். பெனிட்டா பேசவில்லை.

செப்டம்பர் 27

மழை. மறுபடியும் துடைத்தேன்.

செப்டம்பர் 29

அத்தான் கொச்சியிலிருந்து போன் செய்தார். கப்பு எப்போது என்று கேட்டார். அக்கா விசாரணையைப் பற்றி மூச்சு விடவில்லை. “ஃபைனல் வருது” என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “லே பர்னபாசு, அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆட முடியாமப் போச்சு, உன் மைக்க எடுத்துக் கடல்ல எறிவேன்” என்றாள். மைக்குக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

இன்று காலை பெனிட்டா ஓடப் போகவில்லை.

அக்டோபர் 3

விசாரணை. விளையாட்டுத் துறை இயக்குநர் அறை. என் பெயரைச் சொல்லி மணல்துறையிலிருந்து ஒரு வேனே வந்தது. எந்த மனிதனுக்காவது இப்படி ஒரு வேன் வந்திருக்கிறதா? அறையில் இடம் போதாமல் பாதிப் பேர் வராந்தாவில் நின்றார்கள்.

முதலில் தளவாய் என் குரலைப் போட்டுக் காட்டினார். தெளிவான பதிவு. நாற்பதாயிரம் என்று வரும் இடத்தில் நானே புல்லரித்துப்போனேன்.

அடுத்து எங்கள் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் எழுந்தார். “சார், இவரு மைக்கில சொல்லதெல்லாம் கணக்குன்னு வச்சா, எங்க ஊர்ல இருந்து இதுக்குள்ள நாலு பேரு ஒலிம்பிக்ஸ் போயிருக்கணும்.”

மீன் விற்கும் அருளம்மா முன்னே வந்தாள். “எம் மவன பிரேசில்ல இருந்து நேத்து எறங்குனவன்னு சொன்னாரு. அவன் குளச்சல் தாண்டுனது கெடையாது. அத நம்பி ஒரு வீட்டுல பொண்ணு குடுக்கவே வந்துட்டாவ.”

“குடுத்தாங்களா?” என்றார் இயக்குநர்.

“குடுத்தாவ. அது வேற விசயம்.”

பிறகு போன வருடத் திருவிழாவில் நான் செய்த கமெண்டரியை ஒரு பையன் செல்போனில் போட்டான். பங்குச் சாமியாரின் சமையல்காரர் பந்தை எடுத்துப் போடுகிறார். நான் அவரைப் ‘போர்ச்சுக்கல் அணியின் ரகசியப் பயிற்சியாளர்’ என்கிறேன். ஆட்டத்துக்குள் ஓடிவந்த நாய்க்குக்கூட ஒரு பட்டம் கொடுத்திருந்தேன். இயக்குநர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தளவாய் சிரிக்கவில்லை. அவருக்கு ரசனை இல்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

“இத்தனை பேரும் இவரைப் பொய்யர்ங்கறீங்க. இவரைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்ல யாருமே இல்லையா?” என்று கேட்டார் இயக்குநர்.

“தங்கமான மனுசன் சார்” என்றார் உபதேசியார். “வாயத் தொறந்தா பொய்தான்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. இந்த அளவு ஒற்றுமையை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. கோயில் கொடிமரம் மாற்றுவதற்கே மூன்று கட்சி ஆனவர்கள்.

தளவாய் விடவில்லை. “சார், ஊரு சொல்றது இருக்கட்டும். என்கிட்ட மைக் இல்லாம நேருக்கு நேர் சொன்னாரு, தாய்மாமன்னு. அதை அவர் வாயாலயே இல்லைன்னு சொல்லட்டும்.”

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொன்னது உண்மையா, பொய்யா?”

“சார், அது கலை.”

“உண்மையா, பொய்யா?”

“எங்க கடற்கரையில வழிவழியா வர்ற ஒரு…”

“மாமா” என்றாள் பெனிட்டா. அவள் என்னோடு பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. “ஒரே ஒரு வார்த்தை மாமா.”

வராந்தாவில் நின்றவர்கள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஊர் மொத்தமும் அந்தச் சொல்லை ஒரு நூறு தடவை சொல்லிவிட்டது. ஆனாலும் அது என் வாய்க்குள் பொருந்தவில்லை, அடுத்தவன் பல் செட்டை வைத்ததுபோல் இருந்தது.

“பொய்” என்றேன்.

ஒரு தந்திரமாகத்தான் சொன்னேன் என்பதை இதைப் படிப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். “ஆனா நல்ல பொய்” என்றும் சேர்த்துக்கொண்டேன். அதை எழுத்தர் எழுதிக்கொள்ளவில்லை.

புகார் தள்ளுபடி. பெனிட்டா ஆடலாம். பல்கலைக்கழகம் நடத்தும் எந்த ஆட்டத்திலும் நான் மைக்கைத் தொடக் கூடாது என்று ஒரு நிபந்தனை. உலகத்தில் எத்தனை பேருடைய குரலுக்குப் பல்கலைக்கழகமே பயந்து தடை போட்டிருக்கிறது?

திரும்பும்போது வேனில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். டீ செலவு என்னுடையது.

அக்டோபர் 11

இறுதிப் போட்டி. மூன்று வருடமாகக் கப்பைக் கையிலேயே வைத்திருக்கும் அணியுடன்.

பைகளையும் செல்போன்களையும் என் பொறுப்பில் விட்டு, மேடம் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். பக்கத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட். “வாய் சும்மா இருக்காதுல்லா, அதுக்குத்தான் அண்ணாச்சி.”

மைக்கில் ஒரு பையன் பேசினான். “ஒன்பதாம் நம்பர், பெனிட்டா.” அவ்வளவுதான் சொன்னான். பிஸ்கட் தொண்டையில் சிக்கியது.

ஆட்டம் அழகாக இல்லை. இதை எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது. வெயில், புழுதி, தள்ளுமுள்ளு. நம் பிள்ளைகள் முக்கால்வாசி நேரம் நம் கோல் பக்கமே கிடந்தார்கள். கோல்கீப்பர் பிள்ளை பந்தை நெஞ்சாலும் தோளாலும் ஒரு தடவை முகத்தாலும் தடுத்தாள். பெனிட்டா நொண்டிக்கொண்டு ஓடினாள். மேடம் வெளியே கூப்பிட்டார்; அவள் காது கேட்காததுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நமக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து வந்தது. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். புழுதி அடங்கியபோது பந்து வலைக்குள் கிடந்தது. பெனிட்டா தரையில் உட்கார்ந்து, யார் அடித்தது என்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் அவளைத்தான் கைகாட்டினார்; பந்து பட்டது அவள் முழங்காலில்.

1–0. விசில்.

பிள்ளைகள் அழுதார்கள். மேடம் விசிலை விடாமல் ஊதிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நடுவர் அவருக்கு இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாளர்கள் பெனிட்டாவை எடுத்துக்கொண்டார்கள், முகாம் திங்கட்கிழமை. அப்பாவோ அம்மாவோ சம்மதம் சொன்னால்தான் அனுப்புவேன் என்றார் பிரின்சிபால் சிஸ்டர். அக்கா சொல்லமாட்டாள். “அவரு சொல்லட்டும்” என்பாள்.

மேடையில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தபோது பைக்குள் பெனிட்டாவின் போன் அடித்தது. அத்தான்.

“நீயா மாப்ள? பிள்ளகிட்ட குடு. போட்டு கெளம்புது, இனி ரெண்டு வாரத்துக்குச் சிக்னல் கெடையாது.”

“அவ மேடையில நிக்கா அத்தான். ஜெயிச்சாச்சு. பல்கலைக்கழக டீமுக்கும் எடுத்துட்டாவ. நீங்க சரின்னு சொல்லணும், திங்கக்கெழம போணும்.”

“போடே. போன வருசம் அஞ்சும் தோத்துட்டு வந்தப்பவும் நீ ஜெயிச்சாச்சுன்னுதான சொன்ன. ஊரே வேன் பிடிச்சுப் போயி உன்ன பொய்யன்னு எழுதிக் குடுத்திருக்கு. எனக்கு இங்க ஹார்பர்ல தெரியாதுன்னு நெனைச்சியா?” பின்னால் என்ஜின் போட்டுவிட்டார்கள். “சரி சொல்லு. எத்தன கோலு?”

ஏழு என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நடு மைதானத்திலிருந்து அடித்தது, அந்தரத்தில் ஒரு கரணம், வலை கிழிந்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. மேடையில் பெனிட்டா ஒற்றைக் காலில் நின்றபடி என் காதில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய போன்.

“ஒண்ணு” என்றேன்.

“ஒண்ணா?”

“ஒண்ணுதான் அத்தான்.”

“ஆரு?”

“நம்ம பிள்ளதான். கார்னர் வந்துச்சு. எல்லாரும் விழுந்தாளுவ. இவளுக்க முழங்கால்ல பட்டு உள்ள போச்சு. போனது அவளுக்கே தெரியல.”

என்ஜின் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“முழங்காலா?”

“முழங்கால்தான்.”

“உன் வாயில இருந்தா முழங்கால் வருது?” அத்தானின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அப்ப நெசமாட்டு ஜெயிச்சிருக்குடே. அந்த சிஸ்டருக்க நம்பர அனுப்பு. போட்டு முகத்துவாரம் தாண்டதுக்குள்ள பேசிருதேன்.”

அனுப்பினேன். பேசினார். சிஸ்டர் மேடையிலேயே போனை எடுத்து, கேட்டு, பெனிட்டாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

பெனிட்டா நொண்டிக்கொண்டே இறங்கி ஓடிவந்தாள். “அப்பாகிட்ட என்ன சொன்னீங்க மாமா?”

“நடந்தத.”

“நடந்ததுன்னா? முழங்கால்லயா?”

“ஆமா.”

“எல்லாத்தையும் விட்டுட்டு அதைப் போயா சொன்னீங்க?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் சட்டையில் முகத்தைத் துடைத்தாள். சட்டை முழுக்கப் புழுதி.

நாளைச் சாயங்காலம் மணல்துறையில் அணிக்கு வரவேற்பு. மைக்செட் நம்முடையது. பல்கலைக்கழகத்தின் தடை பல்கலைக்கழக ஆட்டத்துக்குத்தான், எங்கள் ஊர் எல்லைக்குள் செல்லாது. உபதேசியாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அத்தானும் இந்நேரம் நடுக்கடலில் இருப்பார். முழங்காலை அப்படியே மைக்கில் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன மரியாதை? தலையால் முட்டியதா, கரணம் போட்டு அடித்ததா என்று இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும்.